யூ/ஏ 7+ வைத்தும் மகன் பேய்த் தொடர் பார்க்கிறான் என்ற கேள்விக்கு

பூட்ட வேண்டியது அவன் ப்ரொஃபைலை அல்ல சகோதரரே, உங்களுடையதை. நெட்ஃபிளிக்ஸில் வயது வரம்பு ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனித்தனி. அவன் பெயரில் யூ/ஏ 7+, அதாவது ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கான வரம்பு இருக்கிறது. பக்கத்திலேயே உங்கள் பெயர் திறந்து கிடக்கிறது. பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போயிருப்பான்.

உங்கள் ப்ரொஃபைலில் இதுவரை பார்த்தவற்றின் பட்டியலைத் திறங்கள், தேதியோடு இருக்கும். அந்தத் தொடர் அதில் இருந்தால்:

1. பிரவுசரில் கணக்குப் பக்கம் போய், பெரியவர்களின் எல்லா ப்ரொஃபைலுக்கும் நான்கு இலக்க பின் (PIN) எண் போடுங்கள்.
2. புது ப்ரொஃபைல் சேர்க்கவும் பின் எண் கேட்கும்படி அங்கேயே டிக் செய்யுங்கள். இதை விட்டால் அவனே புதிதாக ஒன்று தொடங்கிவிடுவான்.
3. டிவியில் வேறு ப்ரொஃபைலுக்குப் போய்த் திரும்புங்கள், மாற்றம் அமலாகும்.

ஆனால் வயதுக் குறி விசுவாசத்தை அளக்காது. வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை, திகில் போன்றவைதான் அதன் கணக்கு. பைபிளில் உபாகமம் 18:10-11 விலக்கும் குறிசொல்லுதலும் மந்திரமும் விளையாட்டாக வரும் கார்ட்டூன் யூ/ஏ 7+இலேயே கிடைக்கும். அவன் ப்ரொஃபைலில் அப்படிப்பட்டதைப் பெயர் சொல்லித் தடுக்க வசதி உண்டு. முதல் எபிசோடை மட்டுமாவது அவனோடு உட்கார்ந்து பாருங்கள்; எது ஏன் வேண்டாம் என்பதை அப்போதே சொல்லிவிடலாம்.