ஒளி பட்டால் திறக்கும் நானோ மருந்து: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. பல வருடங்களாகப் புகையிலை போடும் பழக்கம். கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண் வந்து, பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. 2.5 சென்டிமீட்டர் அளவு. கழுத்தில் நெறிக்கட்டி எதுவும் இல்லை என்கிறார்கள். ஆனாலும் ஆபரேஷனில் கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். இதற்கிடையில், ஒளி பட்டால் மட்டும் திறந்து மருந்தை வெளியிடும் நானோ துகள்கள் பற்றிப் படித்தேன். பக்கவிளைவே இருக்காது என்று போட்டிருந்தது. வாய்க்குள் வெளிச்சம் அடிப்பது சுலபம்தானே? அந்த மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: காத்திருக்க வேண்டாம். அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் ஆபரேஷனுக்கு உடனே தேதி வாங்குங்கள். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் படித்தது பொய்யான விஷயம் இல்லை. அதனால்தான் அதைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

அந்தத் துகள்கள் பாலிமரால், அதாவது நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. பெரும்பாலும் நூறு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும் அளவு (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும், உட்புறம் ஒட்டாது; தண்ணீரில் கரையாத புற்றுநோய் மருந்து அந்த உட்புறத்தில் தங்கிக்கொள்ளும். பாலிமர்ச் சங்கிலியில், ஒளி பட்டால் அறுந்துபோகிற ஒரு பிணைப்பை வேதியியலாளர்கள் வைக்கிறார்கள். ஆர்த்தோ நைட்ரோபென்சைல் என்பது அவற்றில் அதிகம் ஆராயப்பட்ட ஒன்று. அசோபென்சீன் போன்ற இன்னொரு வகை அறுவதில்லை, ஒளி பட்டதும் வடிவம் மாறும். எப்படியானாலும் துகள் குலைந்து மருந்து வெளியே வருகிறது. ஒளி படாத இடத்தில் மருந்து உள்ளேயே இருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. மிக அழகான யோசனை; எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு.

சிக்கல் ஒளியில்தான் இருக்கிறது. நான் சொன்ன இரண்டு வகையும் பொதுவாகப் புற ஊதாக் கதிருக்கே வேலை செய்யும். அது திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட உருப்படியாக இறங்காது. போதாக்குறைக்கு, செல்லின் டிஎன்ஏவையும் கெடுக்கும். செல்போன் டார்ச்சை விரல் நுனியில் வைத்து அழுத்திப் பாருங்கள். மறுபக்கம் சிவப்பு மட்டும்தான் தெரியும், மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிடுகிறது. அதனால் 650 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிவப்பு, அகச்சிவப்பு ஒளிக்குத் திறக்கும் துகள்களைச் செய்யப் பார்க்கிறார்கள். தங்கத் துகளைச் சேர்த்துச் சூடேற்றித் திறப்பது, அகச்சிவப்பை வாங்கிப் புற ஊதாவாக மாற்றித் தரும் துகளை உள்ளே வைப்பது என்று வழிகள் பல. இவற்றில் பெரும்பகுதி இன்னும் ஆய்வகத்திலும் எலிகளிலும்தான் நடக்கிறது. அப்புறம், ஊசியில் போகும் நானோ துகள்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கணக்குப்படி, செலுத்திய அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

‘வாய்க்குள் வெளிச்சம் அடிப்பது சுலபம்தானே’ என்று கேட்டது நல்ல கேள்வி. உண்மையில், ஒளியைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை தருவது ஏற்கெனவே இருக்கிறது. டெமோபார்ஃபின் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. ஊசி போட்டு நான்கு நாள் கழித்து 652 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் கட்டியின் மீது காட்டுவார்கள். ஜப்பானில் 2020-ல் அனுமதி பெற்ற இன்னொரு மருந்தில், புற்றுச் செல்லைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்துடன் ஒளியை உறிஞ்சும் சாயத்தை இணைத்திருக்கிறார்கள். இவை நீங்கள் படித்த பாலிமர் துகள்கள் இல்லை. இங்கே ஒளி எதையும் திறந்துவிடுவதில்லை, மருந்தையே வேலை செய்ய வைக்கிறது. முக்கியமான விஷயம், இரண்டுமே மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காதவர்களுக்கும் ஆபரேஷன் செய்ய முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை. பக்கவிளைவும் உண்டு: வலி, வீக்கம், ரத்தக்கசிவு வரலாம், டெமோபார்ஃபின் போட்டவர்கள் வெயிலையும் பலமான விளக்கு வெளிச்சத்தையும் இரண்டு வாரமாவது தவிர்க்க வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்துவிடும்.

இனி கழுத்துக்கு வருகிறேன். வாய்ப் புற்று முதலில் பரவுவது கழுத்து நெறிகளுக்கு. கைக்கும் ஸ்கேனுக்கும் தட்டுப்படாத அளவில் அங்கே செல்கள் போய் உட்கார்ந்திருக்கலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, உங்கள் அப்பாவைப் போல ஆரம்ப நிலையில் இருந்தவர்களிடம் இதைச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டது. முதல் ஆபரேஷனிலேயே நெறிகளையும் எடுத்தவர்களில் மூன்று ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். ‘நெறி கட்டட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்று விட்டவர்களில் 67.5 சதவீதம். உலகம் முழுக்க இந்த ஆபரேஷனைப் பற்றிய பேச்சை மாற்றிய ஆய்வு அது. ஒளியால் திறக்கும் மருந்து நாளைக்கே வந்தாலும், கன்னத்தில் காட்டிய வெளிச்சம் கழுத்துக்குள் ஒளிந்திருக்கும் செல்லுக்கு ஒன்றும் செய்யாது. எங்கே காட்டுவது என்றே நமக்குத் தெரியாதே!

தாமதத்தின் விலையும் கணக்கிடப்பட்டிருக்கிறது. பல வகைப் புற்றுநோய்களைச் சேர்த்துப் பார்த்த 2020-ன் ஒரு தொகுப்பாய்வில், ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடியது. நீங்கள் காத்திருக்க நினைப்பது வாரக் கணக்கில் முடிகிற விஷயம் இல்லை.

சந்தேகம் இருந்தால் இன்னொரு புற்றுநோய் மையத்தில் கருத்துக் கேளுங்கள், தப்பே இல்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஸ்கேன் சிடியையும் கையோடு கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும். செலவு கவலை என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சைகள் வருகின்றன. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரியுங்கள். ‘நானோ’ என்று எழுதிக் கடைகளில் விற்கும் சொட்டு மருந்துகளையும், வீட்டில் அடிக்கும் சிவப்பு விளக்குகளையும் கிட்டவே சேர்க்காதீர்கள்.

அப்பா இன்றைக்கே புகையிலையை நிறுத்தட்டும். காயம் ஆறுவதற்கே அது தடை. ஆபரேஷனுக்கு முன் ஒரு பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்; பிறகு கதிர்வீச்சு தேவைப்படலாம், எடுக்க வேண்டிய சொத்தைப் பற்களை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வாய் எவ்வளவு திறக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்பதையும் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அப்பாவே நேரில் கேட்கட்டும்.