யாரை எங்கே அனுப்பினார்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் கற்பனை உலகில் நடக்கும் ஹோரஸ் கலகத்தைப் பற்றிய நாவல்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன். பேரரசர் தன் மரபணுவிலிருந்து உருவாக்கிய மாமனிதத் தளபதிகள் 20 பேர். இருவரின் வரலாறு அழிக்கப்பட்டுவிட்டது. மிச்சமுள்ள 18 பேரில் 9 பேர் பேரரசர் பக்கம், 9 பேர் எதிர்ப்பக்கம். எல்லோருக்கும் தலைவனாக நியமிக்கப்பட்ட ஹோரஸ், நச்சுக் கத்தியால் வெட்டுப்பட்டு, மயக்கத்தில் ஏதோ காட்சிகள் கண்டு, எழுந்து வரும்போது துரோகியாகிவிடுகிறான். எனக்கு இது ஒட்டவில்லை. சரிபாதியாகப் பிரிவதும் செயற்கையாக இருக்கிறது. நானும் ஒரு விண்வெளிப் பேரரசை வைத்து நாவல் எழுதிவருகிறேன். ஒரு தளபதியின் துரோகத்தை வாசகன் நம்பும்படி எழுதுவது எப்படி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சரிபாதிக்கான காரணம் கதைக்கு வெளியே இருக்கிறது. 1988-ல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் ‘அடெப்டஸ் டைட்டானிகஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டது. பெட்டிக்குள் 6 ராட்சத இயந்திரப் பொம்மைகள், ஆறும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே படையின் இயந்திரங்கள் தங்களுக்குள் மோத ஒரு காரணம் வேண்டும். அதற்காகக் கற்பிக்கப்பட்ட உள்நாட்டுப் போர்தான் ஹோரஸ் கலகம். நாவல்கள் வர ஆரம்பித்தது 2006-ல். இரண்டு தட்டும் சமமாக நிற்பது விளையாட்டின் தேவை, நாவலாசிரியர்களுக்கு அது முன்பே விதிக்கப்பட்ட எல்லை.

ஹோரஸ் விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். டாவினின் நிலவில் வெட்டுப்பட்டதிலிருந்து மனம் மாறுவதுவரை கதை ஓட்டமாக ஓடுகிறது. ஆனால் அவன் காணும் காட்சியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். எதிர்காலத்தில் பேரரசரைத் தெய்வமாக வணங்குகிறார்கள், சில தளபதிகளுக்கும் சிலை இருக்கிறது, ஹோரஸுக்கு மட்டும் எதுவுமில்லை. அந்தக் காட்சி பொய்யல்ல. அவன் கலகம் செய்ததால்தான் அப்படியொரு எதிர்காலம் வருகிறது. அதற்கு முன்பே பேரரசர் அவனுக்கு வார்மாஸ்டர் என்ற தலைமைத் தளபதி பதவியைக் கொடுத்துவிட்டு, காரணம் சொல்லாமல் டெர்ராவுக்கு, அதாவது பூமிக்கு, திரும்பிப் போயிருக்கிறார். அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் கத்திக்கு வேலையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

துரோகத்தை எழுதக் கற்றுக்கொள்ள ஹோரஸைவிட பெர்ட்டுராபோ நல்ல பாடம். இருபது தளபதிகளில் ஒருவன், நான்காம் லீஜியனின், அதாவது நான்காம் பெரும்படையின், தலைவன். முற்றுகைப் போர் அவன் கலை, கோட்டை கட்டவும் தெரியும், இடிக்கவும் தெரியும். தெரிந்த குற்றத்துக்காகவே அகழி வெட்டும் வேலையும் பீரங்கி வேலையும் ஆண்டுக்கணக்கில் அவன் தலையில் விழுந்தன. பிடித்த கிரகத்தைக் காவல் காக்க ஆள் தேவைப்பட்டால் அவன் படையிலிருந்தே பிய்த்து எடுத்தார்கள். டெல்காஸ் 2 என்ற கிரகத்தில் அடங்காத மக்கள் 13 கோடி. அங்கே காவலுக்கு விடப்பட்டவர்கள் 10 வீரர்கள். இந்த ஒரு விவரம் போதும், அவன் மனம் தெரிந்துவிடுகிறது. செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று அவனைத் தடுத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். தனக்கு யாரும் சோறு போட்டதாகவே அவன் நினைக்கவில்லை.

அதே தொழில் தெரிந்த இன்னொரு தளபதி ரோகல் டோர்னுக்கோ டெர்ராவின் அரண்மனைக்கு அரண் அமைக்கும் பணி. ஒரு விருந்தில் சக தளபதி ஃபுல்கிரிம் டோர்னைக் கேட்கிறான்: பெர்ட்டுராபோவின் படை வந்தால் உன் மதில் தாங்குமா? டோர்ன் யோசித்துவிட்டு, போதிய ஆள் நிறுத்தினால் தாங்கும் என்கிறான். அதில் பெருமையடித்தல் இல்லை, தொழில்காரன் சொல்லும் மதிப்பீடு அவ்வளவுதான். பெர்ட்டுராபோ கொதித்துப்போய் வாயில் வந்த குற்றச்சாட்டையெல்லாம் அள்ளி வீசுகிறான். பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை அநேகமாக நின்றேபோகிறது. இங்கே டோர்னைத் திமிர்பிடித்தவனாகக் காட்டியிருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

அதன் பின் பெர்ட்டுராபோ வளர்ந்த கிரகமான ஒலிம்பியாவே கலகம் செய்கிறது. போய் 50 லட்சம் பேரைக் கொன்று தீர்க்கிறான். வெறி அடங்கிய பிறகு, பேரரசர் இதை மன்னிக்கமாட்டார் என்று அவனுக்குப் புரிகிறது. ஹோரஸைத் தவிர போக்கிடம் இல்லை.

நீங்கள் கேட்ட நம்பகத்தன்மையின் இன்னொரு பாதி, துரோகம் நிறைவேறும் விதத்தில் இருக்கிறது. ஹோரஸின் பெரிய ஆயுதம் இடமாற்ற உத்தரவு. லீஜியன்களிலேயே பெரியது கில்லிமன் என்ற தளபதியுடையது, சுமார் இரண்டரை லட்சம் வீரர்கள். ஓர்க்குகள் என்ற வேற்றுக்கிரக இனத்தை அடிக்கவேண்டும் என்று சொல்லி அந்தப் படையைக் கால்த் கிரகத்தில் திரளச் செய்கிறான். துணைக்கு வருவது லோர்கர் என்ற இன்னொரு தளபதியின் படை. லோர்கர் பேரரசரைக் கடவுளாக வணங்கியதற்காக, மொனார்க்கியா என்ற நகரத்தை அவர் உத்தரவின்பேரில் சாம்பலாக்கியது கில்லிமனின் படை. அந்தச் சாம்பலில் லோர்கரின் லீஜியன் முழுவதும் மண்டியிட்டது. நாற்பது ஆண்டு வஞ்சத்தை ஹோரஸ் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறான். பேரரசர் பக்கத் தளபதிகளில் சாங்குவினியஸை சிக்னஸுக்கு அனுப்புகிறான், அங்கே பொறி காத்திருக்கிறது. ஜகதாய் கான் தொலைவில் சோண்டாக்ஸில். ஒவ்வொன்றும் முறையான உத்தரவு, கீழ்ப்படிந்தவன் எவனும் தவறு செய்யவில்லை.

ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு தளபதியின் கடைசிப் பத்துப் போர்கள், அவற்றில் எத்தனை பேர் செத்தார்கள், வெற்றி யார் பெயரில் அறிவிக்கப்பட்டது, அவன் நிற்கும் இடத்திலிருந்து தலைநகருக்குச் செய்தி போக எத்தனை நாள். கடைசி விவரத்தை விட்டுவிடும் நாவல்களில் துரோகம் ஒரே தொலைபேசி அழைப்பில் வெளிப்பட்டிருக்க வேண்டியதாக ஆகிவிடும்.

இஸ்ட்வான் 5 என்ற கிரகத்தில் நடக்கும் போரை இந்தக் கண்ணோடு வாசியுங்கள். கலகக்காரர்களை ஒடுக்க 7 லீஜியன்கள் அனுப்பப்படுகின்றன. முதல் அலையில் ஃபெர்ரஸ், வல்கன், கோராக்ஸ் ஆகிய மூன்று தளபதிகளின் படைகள். ஃபெர்ரஸ் ஆத்திரத்தில் வேகக் கப்பல்களோடு முந்தி வந்துவிட்டதால் அவன் படையின் பெரும்பகுதி பின்தங்கிவிட்டது. கடும் சண்டைக்குப் பின் எதிரி பின்வாங்குகிறான். வல்கனும் கோராக்ஸும் திரும்பிப் போய்ப் படையைச் சீர்செய்யலாம் என்கிறார்கள். ஃபெர்ரஸ் கேட்கவில்லை, கலகத்தில் சேர்ந்துவிட்ட ஃபுல்கிரிமைத் துரத்திக்கொண்டு போகிறான். இதற்குள் இரண்டாம் அலையாக 4 லீஜியன்கள் பின்னால் இறங்கி மண்ணரண் எழுப்புகின்றன. யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், அங்கே பெர்ட்டுராபோவின் ஆட்களும் இருக்கிறார்கள். எங்கே இறங்கினாலும் அரண் கட்டுவது அவர்கள் வழக்கம். குண்டு தீர்ந்து, காயம்பட்டவர்களைத் தாங்கியபடி இரண்டு படைகளும் அந்த அரணை நோக்கி வருகின்றன. அழைத்துப் பார்த்தால் பதில் இல்லை. ஹோரஸின் கோட்டையிலிருந்து ஓர் ஒளிக்குண்டு மேலே எழுகிறது. நான்கு படைகளும் சுடத் தொடங்குகின்றன.

ஃபெர்ரஸின் தலையை வெட்டுவது ஃபுல்கிரிம். ஒருகாலத்தில் இருவரும் ஒரே உலைக்களத்தில் நின்று, ஒருவருக்கொருவர் ஆயுதம் அடித்துக் கொடுத்தவர்கள். ஃபெர்ரஸுக்காக ஃபுல்கிரிம் செய்தது ஒரு போர்ச் சம்மட்டி. அதை ஹோரஸ் பின்னர் பெர்ட்டுராபோவின் கையில் கொடுக்கிறான்.

அன்புடன்