லைப்சிக்கில் சரக்கு விமானம் இழுக்கும் வேலை: கேட்ட தம்பிக்கு

தம்பி, மனைவியின் ப்ளூ கார்டு வேலை அனுமதியை ஒட்டிக் குடும்ப விசாவில் ஜெர்மனிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, மெக்கானிக்கல் டிப்ளமோ கையில் இருக்கிறது, விமானம் என்றால் சின்ன வயதிலிருந்து உயிர் என்று எழுதியிருந்தீர்கள். லைப்சிக் விமான நிலைய வேலியோரம் நின்றபோது, ஆள் உயரம்கூட இல்லாத ஒரு தட்டை வண்டி ஒரு ராட்சத சரக்கு விமானத்தை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்து, "அதற்கு எத்தனை குதிரைத்திறன் இருக்கும், அந்த வேலை எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் பல வருடமாகச் செய்வது அந்த வேலைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குதிரைத்திறனை விடுங்கள், இதில் எடைதான் முக்கியம். சமதளக் கான்கிரீட்டில் ஒரு விமானத்தை உருட்ட அதன் எடையில் ஒன்றிரண்டு சதவீத விசை இருந்தால் போதும். 400 டன் விமானம் என்றால் சுமார் 4 முதல் 8 டன். நின்ற இடத்திலிருந்து அசைக்க இன்னும் கொஞ்சம், தரை லேசாக ஏறினால் இன்னும் கொஞ்சம். எஞ்சினுக்கு இது பெரிய காரியம் இல்லை, ஆனால் அந்த விசையை நம் டயர் வழுக்காமல் தரைக்குக் கொடுக்க வேண்டுமே, அதற்குத்தான் விமானம் இழுக்கும் பெரிய வண்டிகளை, அதாவது டோ டிராக்டர்களை, 50, 70 டன் எடைக்கு இரும்பு ஏற்றிச் செய்கிறார்கள். காய்ந்த தரையில் கவலையே இல்லை. ஜனவரியில் தரை உறைந்து, அதன் மேல் பனி நீக்கும் திரவமும் சிந்திக் கிடக்கும்போது அதே வண்டிக்குப் பிடிமானம் பல மடங்கு குறைந்துவிடும், அன்றைக்குத்தான் ஓட்டுபவரின் கை எப்படிப்பட்டது என்று தெரியும்.

நீங்கள் பார்த்த தட்டை வண்டி வேறு வகை. அதில் இழுவைக் கம்பி, நாங்கள் டோ பார் என்போமே, அது கிடையாது. வண்டியின் பின்பக்கம் 'ப' வடிவில் திறந்திருக்கும், விமானத்தின் மூக்குச் சக்கரத்தை அதற்குள் வாங்கி இறுக்கிப் பிடித்து, தரையிலிருந்து சில அங்குலம் தூக்கிக்கொள்ளும். விமானத்தின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் மூக்குச் சக்கரம் தாங்குகிறது, ஆனாலும் 350 டன் விமானத்தில் அதுவே இருபது முப்பது டன் வரும். அந்தப் பாரம் வண்டியின் மேல் இறங்குவதால் வண்டிக்குத் தனியாக அவ்வளவு இரும்பு தேவையில்லை, இழுக்கப்படும் விமானமே பிடிமானத்தையும் கொடுத்துவிடுகிறது. எனக்கு இன்றைக்கும் அலுக்காத யோசனை இது. இந்த வகையில் பேர்போன கோல்ட்ஹோஃபர், பவேரியாவில் மெம்மிங்கன் என்ற ஊர்க் கம்பெனி. அவர்களுடைய பெரிய வண்டிகள் 575 டன் எடையுள்ள ஏ380 என்ற ராட்சதப் பயணிகள் விமானம் வரை இழுக்கும். இப்போது மின்சார வண்டிகளும் வந்துவிட்டன.

ஆனால் சரக்கு விமானத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பயணிகள் விமானத்தில் எடை ஓரளவு பரவலாக இருக்கும். போயிங் 777 சரக்கு விமானமோ 100 டன்னுக்கு மேல் சுமக்கும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடை முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் பாரம் கூடி முன்பக்கம் காலியாக இருந்தால் மூக்கு லேசாகிவிடும், அளவு மீறினால் விமானம் வாலில் உட்கார்ந்தே விடும். அதனால் தேவைப்படும் விமானங்களுக்கு வாலுக்கு அடியில் ஒரு முட்டுத் தாங்கி வைப்பார்கள். அதை எடுத்தாயிற்றா, சரக்கெல்லாம் பூட்டியாயிற்றா, மூக்கில் போதிய பாரம் இருக்கிறதா என்று தெரியாமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

அன்டனோவ் 124 என்ற உக்ரைன் ராட்சத சரக்கு விமானம் பற்றியும் கேட்டீர்கள். 2022-இல் உக்ரைனில் போர் தொடங்கிய பிறகு அன்டனோவ் ஏர்லைன்ஸ் லைப்சிக்கையே தளமாக வைத்து இயங்குகிறது, அதனால் இங்கே அதை அடிக்கடி பார்க்கலாம். 24 சக்கரம், 73 மீட்டர் இறக்கை, மூக்கை அப்படியே மேலே தூக்கித் திறந்து, முன்காலை மடக்கி மண்டியிட்டு, டர்பைன், ஹெலிகாப்டர் என்று எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். அதன் முன்காலே இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக நிற்கும், எனவே ஒற்றைக் காலைப் பிடிக்கும் நம் தட்டை வண்டி அதற்குச் சரிப்படாது, டோ பார் போட்டுத்தான் இழுக்க வேண்டும். அதன் அண்ணனாக அதைவிடப் பெரிய அன்டனோவ் 225 இருந்ததே, 2009-இல் இதே நாட்டின் ஹான் விமான நிலையத்திலிருந்து ஆர்மீனியாவுக்கு 187 டன் ஜெனரேட்டரை ஒரே துண்டாகக் கொண்டுபோனது. 2022 பிப்ரவரியில் கீவ் அருகே ஹொஸ்தோமெல் விமான நிலையத்தில் அது அழிந்த செய்தி வந்த நாளில் எங்கள் ஷிஃப்டில் யாருக்கும் பேச்சே வரவில்லை.

சரி, வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வண்டியை மாட்டுவதற்கு முன்னால், விமானத்தின் முன்காலில் ஒரு சின்னப் பின்னைச் செருக வேண்டும், சிவப்பு நாடா தொங்கும். அது இருந்தால்தான் விமானத்தின் ஸ்டீயரிங் நம்மோடு மல்லுக்கு நிற்காது. அப்புறம் ஹெட்செட்டில் விமானியிடம் பேசி, பிரேக் எடுத்தாயிற்று என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் நகர வேண்டும். தள்ளுவது நடை வேகத்தில்தான், இறக்கை நுனிகளைப் பார்த்தபடி ஆட்கள் கூடவே நடப்பார்கள். திருப்பும்போது முன்கால் கதவில் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கால் சேதமாகும். டோ பாரில் இதற்காகவே அளவு மீறினால் முறியும் பின் ஒன்று வைத்திருக்கிறார்கள். கடைசியில் வண்டியைக் கழற்றி, முன்காலில் செருகிய சிவப்பு நாடாப் பின்னை உருவி, தள்ளி வந்து நின்று, நாடாவோடு உயர்த்தி விமானிக்குக் காட்ட வேண்டும். அவர் பார்த்துக் கையசைத்தால்தான் நம் வேலை முடிந்தது.

இதில் பாதி வேலை பேச்சு என்பது உங்களுக்கே தெரிகிறதல்லவா? விமானியோடு பெரும்பாலும் ஆங்கிலம், கூட நிற்பவர்களோடு ஜெர்மன். இரவு இரண்டு மணிக்கு எஞ்சின் இரைச்சலில், காதுக்குள் பஞ்சும் மேலே மூடியும் போட்டுக்கொண்டு, ஒருவர் "நில்" என்று கத்துவதை யோசிக்காமல் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்வை முடிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆங்கிலம் போதும் என்று சிலர் சொல்வார்கள், சரக்கு பிரிக்கும் கூடத்துக்கு வேண்டுமானால் போதும், விமானத்துக்குக் கீழே போதாது.

எடுத்த எடுப்பில் டோ டிராக்டர் கொடுக்க மாட்டார்கள். முதலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை, பிறகு சின்ன வண்டிகள், அதற்குப் பிறகுதான் இது. வேலை உறுதியானதும் கம்பெனி மூலமாகப் பாதுகாப்புப் பின்னணிச் சோதனைக்கு மனுப் போடுவார்கள், கடந்த பத்து வருடம் எங்கெங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள். முகவரிகளைத் தேதியோடு இப்போதே எழுதி வையுங்கள், பழைய நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் வாங்கி வையுங்கள், அது வருவதற்குள்தான் பலருக்கு வேலை தள்ளிப்போகிறது.

குடும்பத்தோடு பேசிவிட்டு இறங்குங்கள். லைப்சிக் உயிரோடு இருப்பதே இரவில்தான், டிஎச்எல் கூரியர் கம்பெனியின் சரக்கு மையம் 2008-இல் இங்கே வந்ததற்கே இரவுப் பறப்பு அனுமதி ஒரு பெரிய காரணம். நள்ளிரவு முதல் நான்கு மணி வரையிலான நேரத்துக்கு, அதற்கு முன்பே ஷிஃப்ட் தொடங்கியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் வரை கிடைக்கும் இரவுப் படிக்கு வரி இல்லை, மற்ற இரவு நேரத்துக்கு 25 சதவீதம் வரை. கையில் வரும் பணம் நன்றாகவே இருக்கும். ஆனால் பகல் தூக்கம் எல்லோருக்கும் ஒத்துவராது, மனைவி அலுவலகம் போகிறவர் என்றால் ஒருவரையொருவர் பார்ப்பதே சாயங்காலம் மூன்று மணி நேரம்தான்.

இதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு உடனடி அவசரம் லைசென்ஸ். உங்கள் பழைய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும், நான்கு மாதம் போய்விட்டது. ஜெர்மனியில் செல்லுபடியாகும் 'பி' (கார்) லைசென்ஸ் இல்லாமல் ஓடுதள வளாகத்துக்குள் வண்டி ஓட்டும் அனுமதி கேட்கவே முடியாது. ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர் என்பதால் உங்களுக்குக் கட்டாய வகுப்புகள் கிடையாது, எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் மட்டும்தான். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், ஓட்டும் தேர்வு ஜெர்மனில். கண் பரிசோதனையையும் முதலுதவி வகுப்பையும் இந்த வாரமே முடித்துவிட்டு மனுவைக் கொடுங்கள், அந்த அலுவலக வரிசைக்கே வாரக்கணக்கில் போகும்.