குவாரி ஃபைல் டெல்லிக்குப் போகுமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் எனக்கு இரண்டேகால் ஹெக்டேர் பட்டா நிலம். சாதாரணக் கற்கள் வெட்ட, குத்தகைப் பரப்பைக் குறிப்பிடும் துல்லியப் பரப்புக் கடிதம் வந்து, சுற்றுச்சூழல் அனுமதிக்கும் விண்ணப்பித்தாயிற்று. அந்த அனுமதியைத் தரும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் பதவிக்காலம் முடியப்போகிறதாம். ஃபைல் டெல்லிக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து, அங்கே 'பார்த்துக்கொள்ள' 3 லட்சம் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

ஒன்றிய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 'ஏ' பிரிவுத் திட்டங்களுக்கு ஒன்றிய அமைச்சகம் அனுமதி தரும், 'பி' பிரிவுக்கு மாநில ஆணையம். உங்கள் குவாரி 5 ஹெக்டேருக்குள், எனவே 'பி', அதிலும் எளிய நடைமுறை உள்ள 'பி2'. மாநில ஆணையம் இல்லாத காலத்தில் டெல்லி பார்க்கும் என்பது நிஜம்தான். ஆனால் 'பி' ஆகவே பார்க்கும். 'ஏ' ஆகிவிடும் என்ற பழைய விதியை 2009-லேயே திருத்திவிட்டார்கள். ஏஜென்ட் இன்னும் அதை வைத்துப் பிழைக்கிறார்.

ஆணையத்தின் ஆயுள் மூன்று ஆண்டு என்பது நியமித்த அன்றே தெரியும். மாநிலம் பெயர்களை அனுப்ப வேண்டும், ஒன்றியம் அறிவிக்க வேண்டும். இதை முன்கூட்டியே செய்ய என்ன கேடு? வட்டி கட்டுவது நீங்கள்தானே.

சரி, சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பரிவேஷ் இணையதளத்தில் உங்கள் விண்ணப்பம் யாருடைய செல்போன் எண்ணில் இருக்கிறது? பெரும்பாலும் ஏஜென்டின் எண்ணாக இருக்கும். ஆணையம் ஒரு காகிதம் குறைகிறது என்று கேட்டால் அது அவருக்குத்தான் போகும். அவர் இரண்டு மாதம் கழித்து "மேலே மாட்டிக்கொண்டது" என்பார். விண்ணப்ப எண்ணை வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள். எஸ்ஐஏ/டிஎன்/எம்ஐஎன் என்று தொடங்கும். லாகினையும் உங்கள் எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் ஆளை மாற்றுங்கள்.

நிஜமான ஆபத்து பக்கத்துக் குவாரியில் இருக்கிறது. உங்கள் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே கனிமத்தின் வேறு குவாரிகள் இருந்தால் பொதுவாக அவற்றின் பரப்பையும் சேர்த்துக் கூட்டுவார்கள். அளப்பது எல்லைக்கு எல்லை. குழிக்குக் குழி அல்ல. உங்களுடையது 2.25, பக்கத்தில் ஒருவர் 1.80, இன்னொருவர் 1.50 என்றால் 5.55 ஆகிவிடும். 5-ஐத் தாண்டியதால் உடனே நீங்கள் கடுமையான 'பி1'. அப்புறம் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு, மக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் உண்டு. இதைத் தவிர்க்க, அக்கம்பக்கக் குவாரிகளைப் பட்டியலிடும் 500 மீட்டர் சான்றில் ஒரு குவாரியை 'விட்டுவிடலாம்' என்பார்கள். வேண்டாம். தகவலை மறைத்தது தெரிந்தால் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம். விண்ணப்பதாரர் நீங்கள், ஏஜென்ட் அல்ல.

அறிக்கை தேவைப்பட்டால் நேபட் (ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ளவரிடம் மட்டும் போங்கள், கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள். வறண்ட காட்டில் இருந்த கல்குவாரி ஒன்றின் அறிக்கையில் மீனவர் வாழ்வாதாரம் பற்றி ஒரு பத்தி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் தந்த 500 மீட்டர் சான்றை இன்றே எடுத்து, பரப்புகளைக் கூட்டிப் பாருங்கள். 5-ஐத் தாண்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.