பட்டறைப் பதில்கள்: தகட்டில் குத்திய எண்

கேள்வி: 'குட்டி இளவரசன்' எழுதிய செந்த்-எக்சுபெரியின் விமானம் பிரான்சுக் கடலில் கிடைத்துவிட்டதாமே? முதலில் அவருடைய கைச்சங்கிலி ஒரு மீனவர் வலையில் சிக்கியதாகவும் படித்தேன். அறுபது வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த உடைசல் அவர் ஓட்டியதுதான் என்று எப்படிச் சொன்னார்கள்? சங்கிலியை வைத்தா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சங்கிலியை மட்டும் வைத்து இல்லை, அம்மா. அது 1998-இல் மார்சேய் நகருக்கு அருகே, ரியூ தீவுப் பக்கம் கிடைத்தது. வெள்ளிச் சங்கிலி. அவர் பெயர், மனைவி கொன்சுவேலோவின் பெயர், நியூயார்க் பதிப்பாளர் முகவரி எல்லாம் பொறித்திருந்தது. அப்படியும் போலி என்றார்கள் சிலர். எங்கள் பாட்டி பெயர் வெட்டிய தூக்குவாளி முப்பது வருடமாக எதிர்வீட்டில்தான் இருக்கிறது. கையோடு எடுத்துப்போகிற பொருளை நம்பி வீடு யாருடையது என்று சொல்லக்கூடாது.

2000-இல் ஒரு முக்குளிப்பவர் அந்தப் பக்கம் கடலடியில் சிதறிக்கிடந்த துண்டுகளைப் பார்த்து, இது பி-38 லைட்னிங், இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர் விமானம் என்றார். ரகம் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. லைட்னிங்குக்கு ஒரு உடம்புக்குப் பதில் இரண்டு நீண்ட வால்தண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு டர்போ, அதாவது எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அதே இடத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் போர் விமானத்தின் எஞ்சின் ஒன்றும் கிடந்தது, குழப்புவதற்கென்றே! இரண்டுக்கும் பன்னிரண்டு சிலிண்டர்தான். ஆனால் லைட்னிங் எஞ்சினில் சிலிண்டர்கள் மேல்நோக்கி விரியும், ஜெர்மன் எஞ்சினில் தலைகீழ்.

சரி, லைட்னிங்தான். ஆனால் லைட்னிங் சுமார் 10,000 செய்தார்களே, இது எது? வாலில் எழுதும் எண் வெறும் பெயின்ட்; கடல் அதை விட்டுவைக்காது. 2003-இல் அனுமதி வாங்கித் துண்டுகளை மேலே எடுத்துச் சுத்தம் செய்தபோது, டர்போவை மூடும் தகட்டில் 2734 என்ற எண்ணும் பக்கத்தில் 'எல்' எழுத்தும் தெரிந்தன. 'எல்' என்றால் லெஃப்ட், இடது பக்கம். 2734 லைட்னிங்கைச் செய்த லாக்ஹீட் தொழிற்சாலையின் வரிசை எண். பதிவேட்டில் அதற்கு நேரே இருந்த ராணுவ எண் 42-68223. அதுதான் அவர் கடைசியாக ஓட்டியது. 2004 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

ஒரு மூடிக்கு ஏன் விமானத்தின் எண் என்று கேட்பீர்கள். நான் 27 வருடம் விமானத் தகட்டுக்கு ரிவெட் அடித்தவன். சேர்ந்த புதிதில், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு விமானங்களின் மூடிகளை மாற்றி எடுத்துவிட்டேன். ஒரே ரகம், ஒரே அளவு. ஆனாலும் ஸ்க்ரூ துளை ஒரு நூல் விலகி நின்றது. மேஸ்திரி திட்டிய திட்டில் ராத்திரி இரண்டு மணிவரை சரிபார்த்தேன். அதனால்தான் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல எண்ணைக் குத்திவிடுவது. தகடு அரித்தாலும் அந்தப் பள்ளம் லேசில் போகாது.

வேறு விமானத்தின் மூடியை இதில் மாட்டியிருக்கலாமே? கேட்கவேண்டிய கேள்வி. ஸ்பேர் இல்லாத நாளில் நாங்களே அப்படி மாட்டியிருக்கிறோம். எனவே எண்ணை மட்டும் காட்டியிருந்தால் நான் பாதிதான் ஒத்துக்கொண்டிருப்பேன். எண்ணும் சங்கிலியும் ஒரே கடல்பகுதியில் வந்ததால்தான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. எதிர்வீட்டில் தூக்குவாளியோடு பாட்டி பெயரில் வீட்டுப் பத்திரமும் இருந்தால், அப்புறம் என்ன பேச்சு?

கேள்வி: அவரைச் சுட்டது யார்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 1944 ஜூலை 31 காலை கோர்சிகாத் தீவின் போர்கோவிலிருந்து கிளம்பினார், திரும்பவில்லை. வயது 44. துப்பாக்கி இருக்கவேண்டிய மூக்கில் கேமரா. வேவுப் படம் எடுக்கிற விமானம் அது. ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்ற முன்னாள் ஜெர்மன் விமானி, நான்தான் சுட்டேன் என்று 2008-இல் சொன்னார். அதை மெய்ப்பிக்கும் காகிதம் இல்லை. மேலே வந்த துண்டுகளில் குண்டு துளைத்த தடமும் இல்லை. ஆனால் மேலே வந்தது விமானத்தில் சிறு பகுதிதான். அதை வைத்துச் சுட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன், சுடவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அந்தத் துண்டுகளைப் பார்க்க முடியுமா?
– அதே வாசகர்

பதில்: பாரிஸ் பக்கத்தில் லெ பூர்ஜே விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனால் அந்தத் தகட்டை எனக்காக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.