ஜிவாக்கில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லும் தரகரை நம்பலாமா?

கேள்வி: வர்ஜீனியாவில் பன்னிரண்டு ஊழியர்களோடு மென்பொருள் சேவை நிறுவனம் நடத்துகிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். இதுவரை பெரிய நிறுவனங்களுக்குக் கீழே துணை ஒப்பந்தம்தான். அமெரிக்க மத்திய அரசின் எல்லாத் துறைகளும் பயன்படுத்தும் ‘ஜிவாக்’ ஒப்பந்தங்களில் எங்களைச் சேர்த்துவிடுவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். அரசோடு நேரடியாக வணிகம் செய்யத் தேவையான ‘சாம்’ பதிவுக்கு 2,400 டாலர், பிறகு கிடைக்கும் வேலையின் மதிப்பில் 5 சதவீதம் கேட்கிறார். ஏற்கெனவே ஸ்டார்ஸ் 3 என்ற ஜிவாக் ஒப்பந்தம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் பெயரிலேயே உள்ளே போய்விடலாம் என்றும் சொல்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் கேட்கும் இரண்டு தொகைகளில் முதலாவது வீண் செலவு. இரண்டாவது உங்களை வம்பில் மாட்டிவிடும்.

முதலில் 2,400 டாலர். சாம் என்பது அரசின் சொந்த இணையதளம். அதில் பதிவு செய்யவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் ஒரு காசு கூடக் கட்டணம் கிடையாது. எழுத்தும் எண்ணும் கலந்த, பன்னிரண்டு குறிகள் கொண்ட நிறுவன அடையாள எண்ணும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். பதிவான சில நாட்களில், ‘உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது’ என்று அரசு முத்திரை போன்ற ஒன்றோடு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். அனுப்புநர் முகவரியின் கடைசியைப் பாருங்கள். ‘டாட் கவ்’ என்று முடியாவிட்டால் அது தரகர் கடிதம். சாமில் உள்ள விவரங்கள் பெரும்பாலும் பொதுவில் கிடைப்பதால், உங்கள் பெயரைத் தேடிப் பிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை.

இந்தத் தரகர்கள் பிழைப்பதற்கு அரசும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் சரிபார்க்கும் கட்டத்தில், பதிவுச் சான்றிதழில் அறை எண் இருந்து மின்கட்டண ரசீதில் அது இல்லாவிட்டால் விண்ணப்பம் வாரக்கணக்கில் தூங்கும். உதவி மையத்தில் கேட்டால், அனுப்பிய ஆவணத்தையே மறுபடி அனுப்பச் சொல்வார்கள். சலித்துப்போனவன் 2,400 டாலரை எடுத்து நீட்டிவிடுகிறான். நீட்டிய பிறகும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். உதவி தேவைப்பட்டால் ‘ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர்’ மையத்தை அணுகுங்கள். அரசு நிதியில் நடக்கும் அந்த மையங்கள் பதிவுக்கு இலவசமாகவே வழிகாட்டும்.

அடுத்தது அந்த 5 சதவீதம். அரசு ஒப்பந்தம் வாங்கித் தருவதற்காக, ‘கிடைத்தால் கமிஷன்’ என்ற அடிப்படையில் யாருக்கும் பணம் தருவதில்லை என்று ஒப்பந்ததாரர் உறுதி கூறவேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பெரிய ஒப்பந்தங்களில் 52.203-5 என்ற எண்ணோடு வழக்கமாக இடம்பெறும் விதி இது. மீறினால் அரசு ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம், அல்லது கமிஷன் முழுவதையும் உங்களுக்குத் தரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம். நான் பார்த்த தரகு ஒப்பந்தங்களில் ‘கமிஷன்’ என்ற சொல்லே இருப்பதில்லை. ‘வணிக மேம்பாட்டுக் கட்டணம்’ என்ற தலைப்பில் இரண்டே வரிகள் இருக்கும்.

“முறையான முகவருக்கு விதிவிலக்கு உண்டே” என்று உங்கள் ஆலோசகர் நிச்சயம் சொல்வார். உண்டு. ஆனால் அது யாருக்கு? உங்களிடம் சம்பளம் வாங்கி உங்கள் மேற்பார்வையில் விற்பனை பார்க்கும் ஊழியருக்கு. அல்லது வணிகம் தேடித் தருவதையே நிலையான தொழிலாக நடத்தும் நிறுவனத்துக்கு. அந்த நிறுவனமும் தகாத செல்வாக்கைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்த முடியும் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. இந்தக் கடைசி வார்த்தையைத்தான் எல்லாரும் தாண்டிப்போய்விடுகிறார்கள். “அந்தத் துறையில் எனக்கு ஆள் இருக்கிறது” என்று சொல்லி ஒருவர் தன்னை விற்றால், அந்தப் பேச்சினாலேயே அவர் விதிவிலக்கிலிருந்து வெளியே போய்விடுகிறார். ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. உங்களிடம் அவர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தப்புள்ளி எழுதித் தருபவர் இந்தத் தடைக்குள் வரமாட்டார், ஏனென்றால் வென்றாலும் தோற்றாலும் அவர் கட்டணம் ஒன்றுதான்.

நண்பரின் பெயரில் உள்ளே போவது இதைவிட மோசம். ஸ்டார்ஸ் 3 என்பது ‘8ஏ’ சலுகைத் தகுதி, அதாவது சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கான தகுதி, பெற்ற நிறுவனங்களுக்கான ஒப்பந்தம். 8ஏ தகுதிக்கு உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. நண்பர் முன்னால் நிற்க வேலையெல்லாம் நீங்கள் செய்யலாமே என்றால், சேவைப் பணிகளில் அரசு தரும் தொகையில் 50 சதவீதத்துக்கு மேல் அதே தகுதி இல்லாத நிறுவனங்களுக்கு அவர் கொடுக்கக் கூடாது. சலுகைத் தகுதியைப் பொய்யாகச் சொல்லி ஒப்பந்தம் வாங்கினால், ஒப்பந்தத்தின் முழு மதிப்பையும் அரசுக்கு நேர்ந்த இழப்பாகக் கருதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான்.

ஜிவாக்கில் இடம் கிடைத்தாலே வேலை கிடைத்ததாகவும் நினைக்க வேண்டாம். இடம் பிடித்த பிறகு ஒவ்வொரு பணி ஆணைக்கும் உள்ளே இருப்பவர்களோடு மறுபடி போட்டியிட வேண்டும். இடம் பிடித்தவருக்கு அரசு உறுதியளிக்கும் குறைந்தபட்சத் தொகை அற்பம். இடம் பிடிப்பதற்கே எவ்வளவு காலம் ஆகும் என்பதற்குத் தேசிய சுகாதார நிறுவனத்தின் சி.ஐ.ஓ.-எஸ்.பி.4 என்ற ஜிவாக் ஒன்று போதும். 2021-இல் ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். ஆட்சேப மனுக்கள் குவிந்தன. 2023-இல் அவற்றில் பலவற்றை அரசுக் கணக்காய்வு அலுவலகம் ஏற்று, தேர்வைத் திருத்தச் சொன்னது. இதற்கிடையே அதற்கு முந்தைய ஒப்பந்தமான சி.ஐ.ஓ.-எஸ்.பி.3-ஐ மீண்டும் மீண்டும் நீட்டித்தார்கள். பிறகு 2025 மார்ச்சில் வந்த அதிபர் ஆணை, இத்தகைய தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தங்களை அரசின் பொதுக் கொள்முதலைக் கவனிக்கும் ஜி.எஸ்.ஏ.வின் கைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு பேர் நிறுவனம் இதற்கெல்லாம் காத்திருந்து சம்பளம் போட முடியுமா? இதை வடிவமைப்பவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போதைக்குத் துணை ஒப்பந்தத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மதிப்பெண்ணாக மாற்றுங்கள். அண்மைக்கால ஜிவாக்குகளில் போட்டியாளரே தன் மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஆவணம் இணைக்க வேண்டியிருக்கிறது. முன்அனுபவத்துக்குத்தான் அதிக எடை. துணை ஒப்பந்த ஆவணம், பணி விவர அறிக்கை, வந்த தொகைக்கான விலைப்பட்டியல்கள் எல்லாவற்றையும் திட்டவாரியாக இன்றே கோப்பில் போடுங்கள்.

2022 ஆகஸ்ட் முதல் இன்னொரு உரிமையும் உண்டு. சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு வேலை தரும் என்று அரசிடம் துணை ஒப்பந்தத் திட்டம் சமர்ப்பித்த முதன்மை நிறுவனத்துக்கு நேரடியாகக் கீழே வேலை செய்த சிறு நிறுவனம், தன் செயல்பாட்டுக்கு எழுத்துபூர்வ மதிப்பீடு கேட்கலாம். கேட்டால் அவர்கள் 15 நாளில் தரவேண்டும். பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. அரசோடு முதன்மை நிறுவனத்துக்குள்ள ஒப்பந்தம் முடிந்த 30 நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதால், அது என்று முடிகிறது என்பதை அவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.