நார்ம் பட்டறையை மூடினப்போ: ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

நாங்க மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் பக்கம் இருக்கோம். பக்கத்து வீட்டுத் தாத்தா எங்களுக்கு ஒரு சின்ன மேப்பிள் டேபிள் செஞ்சு குடுத்தார். எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன், "நார்ம்"னு ஒரே வார்த்தை சொன்னார். அப்புறம் நார்ம்ங்கறவர் டிவில நடத்தின மரவேலை ப்ரோக்ராம் 2009ல நின்னு போனதைப் பத்திப் பேசும்போது அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்குப் புரியல. அதுக்கப்புறமும் நார்ம் வேற ப்ரோக்ராம்ல வந்துட்டுத்தானே இருந்தார், பழைய எபிசோடெல்லாம் யூட்யூப்ல இருக்கு. என் வீட்டுக்காரர், "அவ்ளோ மெஷின் வச்சிருந்தா யார் வேணா செய்யலாம், அது பணக்காரங்க ப்ரோக்ராம்"ங்கறார். நீங்க அதைப் பார்த்திருக்கறதா முன்னாடி ஒரு தடவை எழுதியிருந்தீங்க, அதான் கேட்கறேன்.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு ராத்திரியே பழைய எபிசோட் ரெண்டு போட்டுப் பார்த்துட்டுத்தான் தூங்கினேன். அந்தத் தாத்தா கண்கலங்கினது எனக்கு நல்லாப் புரியுது, ஏன்னா நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். 'தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்' 1989ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் 21 சீசன் பிபிஎஸ்ங்கற அமெரிக்கப் பொது டிவில ஓடுச்சு. செஞ்சு காட்டினவர் நார்ம் ஏப்ரம், தயாரிச்சவர் டபிள்யூஜிபிஹெச்ங்கற பாஸ்டன் டிவி நிலையத்துல இருந்த ரஸ்ஸல் மொராஷ். இந்த மொராஷ்தான் அதுக்கு ரொம்ப முன்னாடி, 1960கள்ல, ஜூலியா சைல்டோட சமையல் ப்ரோக்ராமையும் எடுத்தவர், அதை மனசுல வச்சுப் பார்த்தீங்கன்னா நார்ம் பட்டறை ஏன் அப்படி இருந்துச்சுன்னு பிடிபடும். சமையல் ப்ரோக்ராம்ல செஞ்சு முடிச்சதை முதல்லயே தட்டுல காட்டுவாங்க இல்லையா, அதே மாதிரி நார்ம் முன்கூட்டியே ஒண்ணு முழுசா செஞ்சு வச்சிருப்பார், அதைக் காட்டிட்டு நம்ம கண்ணு முன்னாடி இன்னொண்ணை முதல் பலகைல இருந்து ஆரம்பிப்பார். பல சமயம் அதுக்கும் முன்னாடி, இப்ப நீங்க இருக்கற இடத்துல இருந்து மேற்கால போனா வர்ற ஹான்காக் ஷேக்கர் கிராமம் (ஷேக்கர்ங்கற கிறிஸ்தவக் குழு அந்தக் காலத்துல வாழ்ந்த எடம்) மாதிரி எடத்துக்குப் போய் பழைய சாமானைத் திருப்பி, கவுத்து, அந்தக் காலத்து ஆள் எப்படி இணைச்சிருக்கான்னு பார்த்துட்டு வருவார். அரை மணி நேரத்துல ஒரு பொருள் முடிஞ்சுடும், பெரிசா இருந்தா ரெண்டு வாரம்.

உங்க வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி. கடைசிக் கடைசில ஆள் ஒசரத்துக்கு ஒரு வைட் பெல்ட் சேண்டர், அதாவது முழுப் பலகையையும் தேய்ச்சு வழவழப்பாக்கற பெரிய மெஷின், வந்து நின்னப்போ ரசிகர்களே முணுமுணுத்தாங்க, வீட்டு கராஜ்ல இதெல்லாம் யார்கிட்ட இருக்குன்னு. அப்படி நினைச்சவங்களுக்கு அதே பிபிஎஸ்ல ராய் அண்டர்ஹில் இருந்தார், 'தி வுட்ரைட்ஸ் ஷாப்', நார்த் கரோலினால இருந்து வந்தது. கரண்டே கிடையாது, உளி, இழைப்புளி, ரம்பம், காலால மிதிக்கிற கடைசல் மெஷின், மூச்சு வாங்க வாங்க நிறுத்தாம பேசிக்கிட்டே செய்வார், சில நாள் கையைக் கிழிச்சுக்கிட்டு ரத்தத்தோடயே முடிப்பார், அது 2017 வரைக்கும் வந்தது. ராய் பெரிசா நார்ம் பெரிசான்னு சண்டை போட்டவங்க உண்டு, எனக்கு ரெண்டு பேரும் வேணும்.

ஆனா நார்ம்கிட்ட நாங்க கத்துக்கிட்டது மெஷினை இல்ல. வரிசையை. எதை முதல்ல அறுக்கணும், எந்தத் துளையை கட்டை சதுரமா இருக்கறப்பவே போட்டுடணும், எதை வளைச்சு வெட்டினப்புறம் செய்ய முடியாது, எங்க உப்புத்தாள் போடறதை ஒட்டறதுக்கு முன்னாடியே முடிச்சுடணும். பசை தடவறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சும்மா ஒரு தடவை சேர்த்துப் பார்ப்பார், ட்ரை ஃபிட்னு சொல்வாங்க. நான் ஆறு வருஷம் நியூ ஜெர்சில ஒரு அபார்ட்மெண்ட்ல இருந்துக்கிட்டு, ஒரு கட்டை கூட அறுக்காம சனிக்கிழமை சனிக்கிழமை இதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், அப்புறம் வீடு மாறி முதல் முதலா ஒரு ஸ்டூல் செஞ்சப்போ க்ளாம்ப் எல்லாம் எடுத்து வச்சு, பசை பாட்டிலைத் திறந்துட்டு, திடீர்னு அவர் ஞாபகம் வந்து மூடி வச்சுட்டு சும்மா சேர்த்துப் பார்த்தேன். ஒரு காலைத் திருப்பி வச்சிருந்தேன். பசை போட்டிருந்தா பத்து நிமிஷத்துல பிடிச்சிருக்கும், அப்புறம் உடைக்கத்தான் வேணும். அந்த ஸ்டூல் இன்னும் என் பொண்ணு ரூம்ல இருக்கு.

மொராஷ் இவரை எப்படிக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை பலரும் சொல்வாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. தன் வீட்டுப் பின்னாடி ஒரு கொட்டகை கட்டறதுக்கு இந்த இளைஞனைக் கூப்பிட்டிருக்கார், வேலை நடக்கறப்போ ஒதுக்கிப் போட்ட மரத்துண்டுக் குவியலைப் பார்த்தா அது அவ்ளோ சின்னதா இருந்திருக்கு. இவன் யோசிச்சு அறுக்கறவன்னு அங்கயே முடிவு பண்ணிட்டார். 1979ல 'திஸ் ஓல்ட் ஹவுஸ்'னு பழைய வீடுகளைப் புதுப்பிக்கற ப்ரோக்ராம் ஆரம்பிச்சப்போ நார்மைச் சேர்த்துக்கிட்டது அப்படித்தான், பத்து வருஷம் கழிச்சு தனிப் பட்டறை. பவர் டூல்ஸை கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாரமும் தவறாம, கம்பெனிக்காரன் சொன்ன விதியைப் படிங்க, எல்லாத்தையும் விட முக்கியம் கண்ணுக்கான இந்தப் பாதுகாப்புக் கண்ணாடி, போட்டுக்கங்கன்னு சொல்வார். நாங்க அதைக் கூடவே முணுமுணுப்போம். இன்னிக்கும் டேபிள் சா ஸ்விட்சைத் தொடறப்போ என் கை கண்ணாடியைத் தேடும்.

2009 அக்டோபர்ல இனி புது எபிசோட் கிடையாதுன்னு அறிவிப்பு வந்தது. நீங்க சொல்ற மாதிரி ஆள் எங்கயும் போயிடல, 'திஸ் ஓல்ட் ஹவுஸ்'ல 2022 வரைக்கும் இருந்தார். ஆனா அங்க அவர் நாலு பேர்ல ஒருத்தர், ப்ளம்பர் வருவார், தோட்டக்காரர் வருவார், வீட்டுக்காரங்க வருவாங்க. பட்டறைல அவரும் மரமும் மட்டும்தான், பேச்சு கூட வேலைக்குத் தேவையான அளவுதான். யூட்யூப்ல இருக்கறதை எத்தனை தடவை வேணாலும் பார்க்கலாம், நானே பார்க்கறேன், ஆனா எல்லாமே ஏற்கனவே செஞ்சு முடிச்ச டேபிள், ஏற்கனவே செஞ்சு முடிச்ச நாற்காலி. வர்ற வாரம் என்ன செய்யப் போறார்னு காத்துக்கிட்டு இருந்த அந்தக் காத்திருப்புதான் போச்சு. அந்தத் தாத்தாவுக்கு இருபது வருஷம் அந்த அரை மணி நேரம் ஒரு ஆசிரியர் வீட்டுக்கே வந்திருக்கார், பேரப்பிள்ளைங்க கூட உட்கார்ந்து பார்த்திருக்கலாம், வாத்தியார் ரிட்டயர் ஆகற நாள்ல பழைய மாணவங்க அழுவாங்களே, அதை நாம ஏன்னு கேட்கறதில்லையே.

ஒண்ணு செய்ங்க. அந்த டேபிளை மெதுவா கவுத்துப் பாருங்க, கூடவே உங்க வீட்டுக்காரரையும் வச்சுக்கங்க. மேல் பலகையை அடிச்சட்டத்தோட பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்னு நினைக்கறேன். சின்னச் சின்ன மரக்கட்டையோ, நீளமா வெட்டின துளைல ஸ்க்ரூவோ இருக்கும். உங்க ஊர் கோடை ஈரத்துல பலகை அகலவாக்குல விரியும், குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா சுருங்கும், அதுக்கு நகர எடம் விடலேன்னா ரெண்டு மூணு வருஷத்துல வெடிச்சுடும். நார்ம் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கார். அதுக்கு வைட் பெல்ட் சேண்டர் வேண்டாம். பார்த்துட்டு அங்க என்ன இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, தாத்தாகிட்ட எந்த எபிசோடைப் பார்த்துச் செஞ்சார்னும் கேட்டு வைங்க, நானும் அதைத் தேடிப் பார்க்கறேன்.